மூன்று கோடு போட்ட தகடு

ஈப்போ
4-3-1928

மாப்பிள்ளைக்கு,

நலம் விசாரிக்கும் வரியை இந்தக் கடிதத்தில் விட்டுவிடுகிறேன். இன்று காலை ரயிலேறித் தஞ்சோங் ரம்புத்தான் போய் மனநோய் ஆஸ்பத்திரியில் நல்லம்மாளைப் பார்த்துவிட்டு வந்தேன். என் தங்கை என்பதற்காகச் சொல்லவில்லை, அவள் தெளிவாக இருக்கிறாள். சாப்பிடுகிறாள், தைக்கிறாள், என் சட்டைக் காலரைப் பார்த்து முகம் சுளிக்கிறாள். வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். புருஷன் தாளில் கையெழுத்துப் போட்டால் போதுமாம்.

அந்தப் புருஷன் நீங்கள். நீங்களோ, வீட்டுக்கு அடியில் இருக்கும் செப்புத் தகட்டை எடுத்த பிறகுதான் அவளை அழைக்க முடியும் என்று சொல்லியனுப்பியிருக்கிறீர்கள். பிள்ளை பிறந்த கையோடு போய்விட்டது. பெற்றவள் சில மாதம் தனக்குத் தானே பேசினாள். இதற்குக் கோப்பெங்கிலிருந்து ஒரு பூசாரி வந்து, யாரோ தகடு எழுதிப் புதைத்துச் செய்வினை வைத்துவிட்டார்கள் என்றானாம். உங்கள் ரப்பர்த் தோட்டத்து லயத்தில் குடியிருக்கும் அத்தனை வீடும் தலையாட்டியதாம். எழுதப் படிக்கத் தெரிந்த நீங்களும் சேர்ந்து ஆட்டியிருக்கிறீர்கள்.

சரி, வாதாடி அலுத்துவிட்டது. தகடுதானே, தேடிவிடுவோம். நான் வேலை பார்ப்பது சுரங்கச் சாமான் கடை. மண்ணுக்கடியில் கிடக்கும் உலோகத்தைக் கண்டுபிடிக்கும் கருவிகள் மூன்று எங்கள் கிடங்கில் தூசி படிந்து கிடக்கின்றன. ஈயம் தேடலாம் என்று எங்கள் சீன முதலாளி தவுக்கே ஆசையாகத் தருவித்தவை. வந்த அன்றே ஒரு மூட்டை ஈய மணலைத் தரையில் வைத்துச் சோதித்தார். ஒன்றும் வாய் திறக்கவில்லை. உருக்கி எடுக்கும்வரை அது மண்ணோடு மண்தான், கருவியின் காதுக்கு உலோகமே இல்லையாம். அதே இடத்தில் புதைந்து கிடந்த ஒரு மாட்டு லாடத்துக்கு மட்டும் மூன்றும் ஆர்ப்பாட்டம் செய்தன. தவுக்கே அன்றிலிருந்து அந்த மூலைக்குப் போவதில்லை. கேட்டால் இரவல் தருவார்.

முதலாவது சுவீடன் தேசத்து முள். உள்ளங்கையில் அடங்கும், குழந்தைகூடத் தூக்கும். கீழே இரும்பு இருந்தால் முள் தலை சாய்க்கும். செம்பை மதிக்காது, அதனால் நமக்கு ஆகாது. இரண்டாவது ஆங்கிலேயப் பெட்டி. ஒரு கம்பின் இரு முனையிலும் கம்பிச் சுருள், முதுகில் பாட்டரிப் பெட்டி, காதில் டெலிபோன் குழல். யுத்தம் முடிந்ததும் வயல்களில் வெடிக்காமல் கிடந்த குண்டுகளைத் தேட இந்த மாதிரியைத்தான் வைத்துக்கொண்டார்களாம். இரும்போ செம்போ, எது இருந்தாலும் காதில் முனகும். ஒரே ஆள் சுமக்கலாம், சுமந்தவன் அன்றைக்கு வேறு வேலைக்கு உதவமாட்டான். மூன்றாவது ஜெர்மன்காரன் செய்தது. கதவுச் சட்டம் போல இரண்டு மரச் சட்டம், நடுவே நீளக் கழி, கம்பியில்லாத் தந்திக்காரர்கள் வைத்திருக்கும் கண்ணாடி வால்வுகள். முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் பிடித்து நடக்க வேண்டும். ஆழத்துக்கு அதுதான்.

எது வேண்டும் என்று எழுதுங்கள். அதற்குப் பிறகு உங்களுக்குச் சாக்கு இருக்காது.

சதாசிவம்


செமோர்
9-3-1928

மச்சானுக்கு வணக்கம்.

நான் தலையாட்டவில்லை. ஆட்டாமலும் இருக்கவில்லை. பூசாரி சொன்னதை நம்புகிறாயா என்று கேட்டால், நம்பாத நாட்களும் உண்டு என்றுதான் என்னால் சொல்ல முடியும்.

எங்கள் லயத்தில் எட்டு வீடு, ஒரே கூரை, நடுவே பலகைச் சுவர். நாளைக்கு நான் அவளை அழைத்து வந்தால் மற்ற ஏழு வீடும் தோட்டத்துக் கங்காணி சீனியிடம் புகார் சொல்லப் போய் நிற்கும். அடுத்த வீட்டுப் பத்துமலையின் மனைவி முத்தம்மாதான் அவளுக்குப் பிரசவம் பார்த்தது. அவளே சொல்லிவிட்டாள்: “அவ மேல எனக்குக் கோவம் இல்ல தம்பி. தகடு உள்ளுக்குள்ள இருக்கற வரைக்கும் அவ மிதிச்ச எடத்த நாங்க மிதிக்க முடியாதுலா. எங்களுக்கும் புள்ளைங்க இருக்கு.” போன வருஷம் குழாயடியில் அவளைத் தனியாக நிற்கவைத்தார்கள். அப்படி நின்ற பிறகுதான் அவள் வெளியாட்களோடு பேசுவதை அறவே நிறுத்தினாள். அதை நான் பார்த்தேன், நீங்கள் பார்க்கவில்லை. பிள்ளையைப் புதைத்த அன்றும் நீங்கள் வரவில்லை. கடையில் சரக்கு இறங்குகிறது என்று சொல்லியனுப்பினீர்கள்.

தகடு இருந்தால் எல்லார் முன்னிலும் எடுப்பேன். இல்லையென்றால் இல்லை என்று எல்லார் முன்னிலும் காட்டுவேன். அவளை மனிதர்கள் நடுவில் கொண்டுவந்து வைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

பூசாரி சொன்ன ஆழம் ஒரு முழம். தகடு உள்ளங்கை அளவு. எந்தக் கருவி எத்தனை ஆழம் கேட்கும் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. நான் ரப்பர்ப் பால் நிறுக்கும் இடத்தில் வேலை செய்கிறவன். ‘ஆழத்துக்கு அதுதான்’ என்றால் எனக்குப் புரியாது.

இப்போதைக்கு ஒரு ஆள் சுமப்பதை அனுப்புங்கள். என்னோடு கழி பிடிக்க வரும் ஆள் இங்கே இல்லை.

அர்ச்சுனன்


ஈப்போ
14-3-1928

மாப்பிள்ளைக்கு,

அன்றைக்குச் சரக்கு இறங்கியது உண்மை. அதைப் பற்றி மேலே எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

ஆங்கிலேயப் பெட்டியை ரயிலில் ஏற்றிவிட்டேன். செமோர் ஸ்டேஷனில் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை ஆழம் என்று எங்கள் கடையில் யாருக்கும் தெரியாது. கூட வந்த புத்தகத்தில் போட்டிருப்பதை நம்பினால் சீமை வரைக்கும் கேட்கும். விற்கிறவன் தன் மோரைப் புளிப்பென்று சொல்வானா?

ஆகவே நீங்களே சோதித்துவிடுங்கள். கருவி சத்தம் போடவில்லை என்றால் தகடு இல்லை என்று அர்த்தமில்லை, கருவி செவிடாகவும் இருக்கலாம். முதலில் அதன் காதைப் பாருங்கள். அதற்காக இத்துடன் உள்ளங்கை அளவில் மூன்று செப்புத் தகடு வெட்டி அனுப்பியிருக்கிறேன். ஒரு கோடு கீறியதை அரை அடியிலும், இரண்டு கோடு கீறியதை ஓரடியிலும், மூன்று கோடு கீறியதை ஒன்றரை அடியிலும் புதையுங்கள். மண்ணில் தொலைந்துபோகாமல் இருக்க ஒவ்வொன்றிலும் கடைச் சிவப்புச் சாயத்தில் பொட்டு வைத்திருக்கிறேன். தேட வேண்டிய இடத்து மண்ணிலேயே புதைக்க வேண்டும், மண்ணுக்கு மண் கருவியின் காது மாறும்.

இன்னொன்று. தகடு எங்கே என்று தெரிந்தவன் குழலைக் காதில் வைத்தால் இல்லாத சத்தமும் கேட்கும். முடிந்தால் விஷயம் தெரியாத ஒருவனை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

சதாசிவம்


செமோர்
25-3-1928

மச்சானுக்கு வணக்கம்.

கருவி சேதமில்லாமல் வந்தது. சோதித்த விவரம் எழுதுகிறேன்.

எடை: பால் தராசில் நிறுத்தேன், முப்பது காட்டிக்கு மேல், அதாவது நாற்பது ராத்தல். தோள்வார் வெள்ளைக்காரன் தோளுக்கு வெட்டியது. கொஞ்ச நேரம் நடந்தால் இடுப்பு கழன்றுவிடும்.

உபயோகம்: முதலில் பழக வேண்டி ரப்பர் நிரைக்குள் கொண்டுபோனேன். அது தப்பு. மரத்துக்கு மரம் பால் வடிய அடித்த தகர நாக்கு இருக்கிறது. உதிர்ந்து மண்ணுக்குள் போன பழைய நாக்குகள் வேறு. தோட்டம் முழுதும் ஒரே ஒப்பாரி. மழை பெய்து மண் ஊறியிருந்தால் ஒன்றும் இல்லாத இடத்திலும் அழுகிறது.

ஆழம்: உங்கள் தகடுகளை வீட்டுக்குள் அடுப்பங்கரைத் தரையில் புதைத்தேன். எங்கள் வீட்டுத் தரை மண்தான். அரை அடித் தகடு நன்றாகக் கேட்கிறது. ஓரடித் தகட்டுக்குக் கொசு ரீங்காரம் அளவு. ஒன்றரை அடியில் ஒன்றுமே இல்லை. பூசாரி சொன்ன ஒரு முழமும் ஒன்றரை அடியும் ஒன்றுதான். ஆகவே இந்தக் கருவி நம் காரியத்துக்குச் செவிடு.

வாசற்படி, மற்ற இடமெல்லாம் பார்த்தேன். ஆணி ஏழெட்டு, உடைந்த பால் வெட்டும் கத்தி ஒன்று. செம்பு இல்லை.

ஜெர்மன் கருவியை அனுப்புங்கள். மூன்று தகடுகளையும் நான் தோண்டி எடுக்கவில்லை. தோண்டினால் மண் இளகிவிடும். இரண்டு கருவியையும் ஒப்பிட வேண்டுமென்றால் மண் அப்படியே இருக்க வேண்டும் அல்லவா.

கழி பிடிக்க ஆள் கிடைத்துவிட்டார். நான் பெட்டியைச் சுமந்து நடந்ததை வேடிக்கை பார்த்த பத்துமலை, நேற்று தானே வந்து, “நான் ஒரு பக்கம் புடிக்கிறேன்லா” என்றார். ஏழு மாதத்தில் எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் ஆள் அவர். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நீங்கள் சொன்னபடி அவரிடம் தகடுகளைப் பற்றி மூச்சுவிடவில்லை.

அர்ச்சுனன்


ஈப்போ
1-4-1928

மாப்பிள்ளைக்கு,

கருவி வருகிறது. வால்வு இரண்டையும் பஞ்சில் சுற்றித் தனிப் பெட்டியில் வைத்திருக்கிறேன், மாமியாரைத் தூக்குவது போலத் தூக்குங்கள். தண்ணீர்க் குழாய் மாதிரிப் பெரிய சாமான் என்றால் ஆள் உயரத்துக்குக் கீழேயும் கேட்கும் என்கிறார்கள். சிறிய தகட்டை ஒரு முழத்தில் கேட்குமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். எடையைப் பற்றி நிறுத்துப் பார்த்து மனசைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்று நல்லம்மாளிடம் கருவி விஷயமெல்லாம் சொன்னேன். ஆணியும் கத்தியும் கிடைத்தது என்றதும் சிரித்தாள். “அந்தக் கத்தியத்தான் அவரு அலஞ்சு அலஞ்சு தேடுனாரு” என்றாள். பிறகு தையலை மடித்து வைத்துவிட்டுக் கேட்டாள்: “அண்ணே, தகடு கெடைக்கலைன்னா என்ன இங்கயே வச்சிருவாங்களா?”

என் அறையில் ஐந்து பிரம்மச்சாரிகள் பாய் விரிக்கிறோம், அங்கே அவளைக் கொண்டுவர முடியாது. சீக்கிரம் பாருங்கள்.

சதாசிவம்


செமோர்
9-4-1928

மச்சானுக்கு,

ஜெர்மன் கருவி ஒன்றரை அடியில் கேட்கிறது. அதைப் பற்றி இனிச் சந்தேகமில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை வேலையில்லை. லயத்தில் பாதிப்பேர் வாசலில் கூடிவிட்டார்கள். பத்துமலை முன்னால் நின்று குழலைக் காதில் மாட்டிக்கொண்டார், நான் பின்னால். அடுப்பங்கரைக்குள் போனதும் அவர் நின்றுவிட்டார். “கத்துதுலா, இங்கதான் கத்துது” என்றார். மூன்று கோட்டுத் தகடு இருந்த இடம். சரியாகக் கேட்டுவிட்டதே என்று நான் மகிழ்ந்துபோனேன், ஒப்புக்கொள்கிறேன். நான் கழியை இறக்கி வால்வுகளைச் சரிபார்ப்பதற்குள் அவர் மண்வெட்டியால் தோண்டிவிட்டார்.

தகடு வெளியே வந்தது. செம்பு, உள்ளங்கை அளவு, ஒரு முழ ஆழம், மூன்று கீறல், சிவப்புப் பொட்டு. முத்தம்மா பிள்ளைகளை வெளியே இழுத்தாள்.

நான் சொன்னேன்: “பயப்படாதீங்க. நான் பொதைச்சதுதான்.”

சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. சோதனைக்காக என்று விளக்கினேன். ஈப்போவிலிருந்து தகடு வந்தது, கருவிக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க என்றேன். “பொண்டாட்டி பொழங்குற அடுப்பங்கரையிலயா சோதன பண்ணுவாங்க?” என்று யாரோ கேட்டார்கள். இன்னும் இருக்கிறதா என்று கங்காணி கேட்டார். இருக்கிறது, இரண்டு என்றேன். அதையும் தோண்டினார்கள். பிறகு அவர்களே கருவியைத் தூக்கிக்கொண்டு வீடு முழுதும் நடந்தார்கள். வேறு ஒன்றும் இல்லை.

இன்று காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் என் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. நான் நிறுத்த பாலை மறுபடி நிறுக்கச் சொல்கிறார்கள். பெண்டாட்டிக்குச் சூனியம் வைத்தவன் என்று பேராகிவிட்டது. நீங்கள் கங்காணிக்கு ஒரு கடிதம் எழுதினால் நல்லது.

அர்ச்சுனன்


ஈப்போ
11-4-1928

மாப்பிள்ளைக்கு,

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. கோடு கீறியவன் நான், பொட்டு வைத்தவன் நான், விஷயம் தெரியாதவனை விட்டுக் கேள் என்று புத்தி சொன்னவனும் நான். மண்ணை இளக்காமல் அப்படியே விட்டுவைத்தது மட்டும்தான் உங்கள் பங்கு. உலகத்தில் வேறு எவனுக்கும் அந்த யோசனை வந்திருக்காது.

கடிதம் எழுதினால் யார் நம்புவார்கள்? நேரிலேயே வருகிறேன். தகடு வெட்டிய மீதிச் செப்பை எடுத்து வருகிறேன், சாய டப்பாவையும் கொண்டுவருகிறேன். கங்காணி முன்னால் நாலாவது தகடு வெட்டிக் கோடு கீறிக் காட்டுகிறேன். வருகிற ஞாயிறு தயாராக இருங்கள். உங்களை எத்தனையோ திட்டியிருக்கிறேன், கெட்ட எண்ணம் உள்ளவர் என்று திட்டியதில்லை. என் தங்கைக்கு நீங்கள் கெடுதல் நினைத்ததில்லை என்று எனக்குத் தெரியும்.

சதாசிவம்


செமோர், மேல் டிவிஷன்
15-4-1928

மச்சானுக்கு வணக்கம்.

நல்லவேளை, இன்று நீங்கள் வரவில்லை. ரயிலடிக்கே வந்து உங்களைத் தடுக்கலாம் என்றிருந்தேன், அதற்குள் கடையில் லீவு இல்லை என்று உங்கள் தகவல் வந்துவிட்டது. இனியும் வந்து ஒன்றும் விளக்க வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன்.

வியாழக்கிழமை முத்தம்மா என் வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்றாள். “நல்லம்மா எப்ப வருவா?” என்று கேட்டாள். “செஞ்சவன் நீன்னு தெரிஞ்சு போச்சு. தகட்டையும் ஆத்துல உட்டாச்சு. அந்தப் புள்ள என்னா பண்ணுச்சு பாவம். நீ இங்க இல்லன்னா நாங்க கூட்டியாந்து எங்க ஊட்லயே வச்சுக்கறோம்லா” என்றாள். பேசும்போது அழுதாள். பிரசவத்தில் தன் கைதான் ராசியில்லாத கை என்று இத்தனை நாள் நினைத்திருந்தாளாம்.

இரண்டு நாள் யோசித்தேன். அவை சோதனைத் தகடு என்று நீங்கள் வந்து நிரூபித்தால் லயம் நம்பும், ஏனென்றால் அது உண்மை. நம்பிய மறுநிமிஷம், பூசாரி சொன்ன பழைய தகடு இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது என்றாகும். இதைவிட ஆழம் கேட்கும் கருவி எது என்று நான் மறுபடி உங்களுக்கு எழுதிக்கொண்டிருப்பேன். அவள் தைத்துக்கொண்டிருப்பாள்.

அதனால் கங்காணியிடம் போய், ஆமாம், செய்தவன் நான்தான் என்று சொல்லிவிட்டேன். ஏன் செய்தாய் என்றார். பதில் தயாராக இல்லை, கோபத்தில் என்றேன். என்னைத் தோட்டத்தின் மேட்டுப் பக்கமான மேல் டிவிஷனுக்கு மாற்றிவிட்டார்கள். ரப்பர்த் தாளைப் புகைபோட்டு உலர்த்தும் புகைக்கூடத்தில் வேலை, பக்கத்திலேயே ஒற்றை வீடு. ஆஸ்பத்திரித் தாளில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். அவளை அழைத்து வந்து முத்தம்மா வீட்டில் விடுங்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஊர் என்னைச் சூனியக்காரன் என்பதற்காக அல்ல, அவளும் நம்பிவிட்டால் என்ன செய்வது என்று. அவளிடம் மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். லயத்தில் ஒருவரிடமும் வேண்டாம்.

ஜெர்மன் கருவியில் ஒரு வால்வு விரிசல் விட்டுவிட்டது. மன்னிக்கவும்.

அர்ச்சுனன்


செமோர், முத்தம்மா வீட்டு வாசல்
22-4-1928

மாப்பிள்ளைக்கு,

காலையில் தாளைக் கொடுத்து அவளை அழைத்து வந்தேன். ரயிலில் எல்லாவற்றையும் சொன்னேன். கருவி, கோடு, பொட்டு, நீங்கள் வாய்தவறிச் சொன்னது, பிறகு வேண்டுமென்றே சொன்னது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டாள். அழுதாளா என்று தெரியவில்லை, நான் பார்க்கவில்லை. செமோர் வந்ததும், “எப்பவும் இப்படித்தான், ஒன்ன நெனச்சு இன்னொன்னு சொல்லிருவாரு” என்றாள்.

லயத்தில் ஏழு வீட்டுப் பெண்களும் வந்துவிட்டார்கள். முத்தம்மா மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள், தலை வாரினாள், கருவாட்டுக் குழம்பு வைத்தாள். பிள்ளைகளைத் தூக்கி மடியில் வைத்தார்கள். உங்களைத் திட்டாத வாய் இல்லை. நானும் இரண்டு வார்த்தை சேர்த்துத் திட்டினேன், இல்லையென்றால் சந்தேகப்படுவார்கள். நீங்கள் நினைத்தது அப்படியே நடந்தது, மாப்பிள்ளை. அவளை யாரும் ஒதுக்கவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவியதும் மூட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மேல் டிவிஷனுக்கு எந்தப் பக்கம் என்று பத்துமலையைக் கேட்டாள். எல்லாரும் மறித்தார்கள். “ஒனக்கே செஞ்சவன்கிட்டயா போற, புத்தி கித்தி மறுபடி பெசகிப் போச்சா?” என்று முத்தம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பயந்துவிட்டேன், உண்மையைச் சொல்லிவிடப் போகிறாள் என்று.

சொல்லவில்லை. முத்தம்மா கையை மெதுவாக எடுத்துவிட்டு, “பேய்க்கு வாழ்க்கைப்பட்டா புளியமரம் ஏறணும்பாங்கக்கா. இவருக்கு வாழ்க்கைப்பட்டிருக்கேன், மேட்டுக்கு ஏறித்தான் ஆகணும். நாளைக்கு வந்து கொழம்புச் சட்டியக் கழுவித் தாரேன்” என்றாள். முத்தம்மா உள்ளே போய்க் கொஞ்சம் கருவாட்டைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.

நானும் கூட வருகிறேன் என்றேன். வேண்டாம், உங்கள் கருவியைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்குப் போங்கள் என்கிறாள். அதனால் அவசரமாக இதை எழுதுகிறேன். அவள் பக்கத்திலேயே மூட்டையோடு நின்று, இன்னும் எத்தனை வரி என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இதைத் தபாலில் போடப்போவதில்லை. கொண்டுவந்தவள் வாசலில் நிற்கிறாள். முதலில் உள்ளே கூப்பிடுங்கள்.

சதாசிவம்